வெட்டு ஒன்று, துண்டு ஒன்பது

வாழ்த்துகள். உங்களிடம் ஒரு எக்செல் கோப்பு இருக்கிறது. அதில் 'பெயர் & முகவரி' என்று இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு காலம். (பொற்காலம், கெட்ட காலம் என்கிற காலம் அல்ல, மேலிருந்து கீழே இறங்குகிற காலம். கொஞ்ச நேரத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும்.) குடியிருப்போர் நலச்சங்கமோ, பழைய மாணவர் சங்கமோ, எதுவாக இருந்தாலும் சரி. சங்கம் புது மென்பொருள் வாங்கியிருக்கிறது. அது பெயரைத் தனியாக, கதவு எண்ணைத் தனியாக, ஊரைத் தனியாக, பின்கோடைத் தனியாகக் கேட்கிறது. பிரித்துக் கொடுக்கும் வேலை உங்கள் தலையில் விழுந்திருக்கிறது. கெடு திங்கட்கிழமை காலை. இன்று வெள்ளி, மாலை 5 மணி.

இதைவிட நல்ல முகூர்த்தம் அமையாது. ஆரம்பிப்போம்.

மாதிரிக்கு இரண்டு வரிகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

'திரு. கே.வி. கதிரேசன், பி.ஏ., பி.எல்., பழைய எண் 5, புதிய எண் 12, 2-ஆவது குறுக்குத் தெரு, டீக்கடை எதிரில், மயிலாப்பூர், சென்னை - 4.'

'திருமதி செல்வி, 5/12, பெரிய தெரு, சென்னை-600004..'

முதல் வரியின் கடைசியில் ஒரு புள்ளி, இரண்டாவது வரியின் கடைசியில் இரண்டு. டைப் அடித்தவருக்கு விரல் நடுக்கம் போலிருக்கிறது. கண்டுகொள்ளாதீர்கள்.

1. நகல் எடுக்காதீர்கள்

நகல் எடுப்பவர் தன் மேல் நம்பிக்கை இல்லாதவர். மூலக் கோப்பிலேயே கை வையுங்கள். காலத்தைத் தேர்ந்தெடுத்து, 'டேட்டா' பட்டியலில் 'டெக்ஸ்ட் டு காலம்ஸ்' அழுத்துங்கள். எங்கே வெட்ட வேண்டும் என்று கேட்கும். காற்புள்ளி என்று சொல்லுங்கள்.

இப்போது எக்செல் ஒரு கேள்வி கேட்கும்: பக்கத்துக் கட்டங்களில் ஏற்கெனவே ஏதோ இருக்கிறது, அதன் மேலேயே எழுதிவிடட்டுமா? எக்செல் இவ்வளவு பணிவாகக் கேட்பது அபூர்வம். பணிவுக்கு மரியாதை கொடுங்கள். படிக்காமல் 'ஓகே' தட்டுங்கள்.

பக்கத்துக் காலத்தில் இருந்தது சந்தா பாக்கி. இப்போது அங்கே 'பி.ஏ.' உட்கார்ந்திருக்கிறது. பாக்கிதாரர்கள் எல்லாரும் ஒரே நொடியில் பட்டதாரிகள் ஆகிவிட்டார்கள்.

கன்ட்ரோல் இசட் அழுத்தினால் பழையபடி திரும்பிவிடும் என்று யாராவது நினைவூட்டக்கூடும். அதற்கு இடம் கொடுக்கக் கூடாது. உடனே சேமித்து, கோப்பை மூடிவிட்டு, ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள்.

2. மேலே மூன்று வரி போதும்

பட்டியலில் 4,000 வரிகள் இருக்கலாம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று பெரியவர்கள் சொன்னது இதற்காகத்தான். மேலே உள்ள மூன்று வரியைப் பாருங்கள். அதே அச்சில்தான் மீதி 3,997-ம் வார்த்திருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கதிரேசன் ஒன்பது துண்டாக விழுந்தார். செல்வி நாலே துண்டு. கதிரேசனின் பி.ஏ. எந்தக் காலத்தில் இருக்கிறதோ, அதே காலத்தில் செல்வியின் கதவு எண் இருக்கிறது. அதனால் என்ன? காலத்துக்குத் தலைப்பு 'முகவரி 1' என்று வைத்துவிடுங்கள். அடுத்ததற்கு 'முகவரி 2', அதற்கடுத்து 'முகவரி 3'. பி.ஏ. ஒரு முகவரியா என்று கேட்பவர்களுக்கு, அந்தக் காலத்து பி.ஏ. ஒரு முகவரிதான் என்று சொல்லலாம். சொல்லிப் பாருங்கள், எடுபடும்.

இங்கே ஒரு விஷயத்தை யோசிக்காமல் தாண்டிப் போக வேண்டும். அந்தக் காற்புள்ளிகளைப் போட்டது ஒரு மனிதர். ஒரு இடத்தில் பட்டத்தைப் பிரிக்கப் போட்டார், இன்னொரு இடத்தில் தெருவைப் பிரிக்க, மற்றொரு இடத்தில் மூச்சு விட. மூன்றும் கம்ப்யூட்டருக்கு ஒன்றுதான். உங்களுக்கும் ஒன்றாகவே இருக்கட்டும்.

3. மரியாதையைத் துடைத்தெறியுங்கள்

பெயர்க் காலத்தில் 'திரு' இருக்கிறது. தரவுத்தளத்தில் எல்லாரும் சமம், 'திரு' எதற்கு? 'ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ்' திறந்து, தேடும் இடத்தில் 'திரு' என்று போடுங்கள், மாற்றும் இடத்தைக் காலியாக விடுங்கள். பெயர்க் காலத்தை மட்டும் தேர்ந்தெடுத்துக்கொண்டு செய்வது சின்னப் புத்தி. முழு ஷீட்டிலும் ஓட விடுங்கள்.

நாலாயிரத்துச் சொச்சம் இடங்களில் மாற்றியாகிவிட்டது என்று எக்செல் பெருமையோடு அறிவிக்கும். இப்போது ஊர்க் காலத்தைப் பாருங்கள். திருநெல்வேலி 'நெல்வேலி' ஆகியிருக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. திருவாரூர் 'வாரூர்', திருவல்லிக்கேணி 'வல்லிக்கேணி'. திருச்சி 'ச்சி' ஆகிவிட்டது. திருப்பூர் 'ப்பூர்'. மெய்யெழுத்து மொழிக்கு முதலில் வராது என்று தமிழாசிரியர் படித்துப் படித்துச் சொன்னார். அவருக்குத் திருப்பூரில் உறுப்பினர்கள் இல்லை. திருநாவுக்கரசு என்று ஒருவர் இருந்தார். அவர் இனி நாவுக்கரசு, பாதிச் சந்தா கட்டினால் போதும்.

அடுத்து 'செல்வி'. அதுவும் மரியாதைச் சொல்தானே, எடுத்துவிடுங்கள். கலைச்செல்வி 'கலைச்' என்று ஒற்று மிகுந்து நிற்பார், வருமொழி எதுவென்று தெரியாமல். நம்முடைய மாதிரி வரியில் வந்த திருமதி செல்வியைக் கவனியுங்கள். 'திரு' போனதும் 'மதி செல்வி' ஆனார். 'செல்வி' போனதும் 'மதி' ஆனார். இது எனக்கு மிகவும் பிடித்த கட்டம். பிழை பிழையாகத் தெரிந்தால் யாராவது திருத்திவிடுவார்கள். 'மதி' என்பது நல்ல பெயர். இனி எந்த ஆடிட்டரும் அதைக் கண்டுபிடிக்க முடியாது.

கையோடு புள்ளிகளையும் ஒழித்துவிடுங்கள். 'கே.வி.' என்று புள்ளி புள்ளியாக இருப்பது அம்மைத் தழும்பு மாதிரி அசிங்கம். 'கேவி' என்று வழவழவென்று இருக்கட்டும். பின்கோடுக்குப் பின்னால் இருந்த ஒற்றைப் புள்ளி, இரட்டைப் புள்ளி எல்லாம் இதே வீச்சில் போய்விடும்.

4. குடும்பப் பெயர் கண்டுபிடியுங்கள்

மென்பொருள் 'முதல் பெயர்', 'கடைசிப் பெயர்' என்று இரண்டு கேட்கிறது. அதை எழுதியவர் ஊரில் எல்லாருக்கும் குடும்பப் பெயர் உண்டு. நமக்கு இனிஷியல்தான் உண்டு, அதுவும் அப்பாவுடையது. கலங்க வேண்டாம். கடைசி இடைவெளிக்குப் பின்னால் இருப்பது கடைசிப் பெயர் என்று விதி செய்துகொள்ளுங்கள்.

கேவி கதிரேசன்: முதல் பெயர் கேவி, குடும்பப் பெயர் கதிரேசன். மகன் கே கார்த்திக்: முதல் பெயர் கே, குடும்பப் பெயர் கார்த்திக். மகள் கே கவிதா: குடும்பப் பெயர் கவிதா. ஒரே சமையலறையில் மூன்று குடும்பம். மறுபக்கம், பட்டியலில் இருக்கும் எல்லாக் கார்த்திக்குகளும் ஒரே வம்சம். 'குடும்பத்துக்கு ஒரு அழைப்பிதழ்' என்று சங்கம் தீர்மானம் போட்டிருந்தால், அத்தனை கார்த்திக்குகளுக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று போகும். இனிஷியலைப் பின்னால் எழுதும் பழக்கமுள்ளவர்கள் இருக்கிறார்கள். 'கதிரேசன் கேவி' மாதிரி. அவர்களெல்லாம் கேவி வம்சம்.

இனி சங்கத்துக் கடிதங்கள் 'அன்புள்ள கேவி' என்று தொடங்கும். படிக்கும்போது அவர் உண்மையிலேயே கேவக்கூடும்.

இனிஷியலே இல்லாமல் ஒற்றைப் பெயரோடு இருப்பவர்களுக்கு முதல் பெயரைக் காலியாக விடலாம். பாஸ்போர்ட்டில் அப்படி விட்டவர்களுக்கு அமெரிக்க விசாவில் முதல் பெயராக 'எஃப்என்யூ' என்று அச்சாகி வரும். முதல் பெயர் தெரியாது என்பதன் சுருக்கம். அதை ஒரு வடநாட்டுப் பெயர் என்று நினைத்து 'மிஸ்டர் ஃபனு' என்று கூப்பிடுபவர்கள் அங்கே உண்டு. உங்கள் உறுப்பினர்களுக்கு அந்தப் பெருமையை நீங்கள் மயிலாப்பூரிலேயே வழங்கலாம்.

பிள்ளைகளுக்கு இனிஷியல் போட வேண்டுமானால் அப்பா பெயரின் முதல் எழுத்தை 'லெஃப்ட்' சூத்திரம் கொண்டு எடுங்கள். தமிழில் 'கோ' நமக்கு ஓரெழுத்து. யூனிகோடுக்கு அது 'க' ஒன்று, துணைக்குறி ஒன்று, ஆக இரண்டு. 'தமிழ்' என்ற சொல்லையே எக்செல் ஐந்து என்றுதான் எண்ணும். ஆகவே கோபாலின் மகனும் குப்புசாமியின் மகனும் கௌரிசங்கரின் மகனும் எல்லாரும் 'க'. சமத்துவம் மேலும் முன்னேறுகிறது.

5. கதவு எண்ணுக்குப் பிறந்தநாள் கொண்டாடுங்கள்

சென்னையில் வீட்டுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு எண்கள். செல்வி வீட்டு எண் 5/12. வெட்டும்போது ஒவ்வொரு காலமும் என்ன வகை என்று கேட்கப்படும். 'டெக்ஸ்ட்' என்று சொல்ல ஒரு வாய்ப்பு அப்போது கிடைக்கும், தவறவிடுங்கள். 'ஜெனரல்' என்றே இருக்கட்டும்.

5/12 உடனே டிசம்பர் 5 ஆகும். கம்ப்யூட்டர் அமெரிக்க வழக்கத்தில் அமைந்திருந்தால் மே 12. பக்கத்து வீட்டு எண் எந்தத் தேதியாகவும் ஆக முடியாதது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது அப்படியே நிற்கும்.  ஒரே தெருவில் பாதி வீடுகள் எண்களாகவும் பாதி வீடுகள் பண்டிகைகளாகவும் நிற்கும் காட்சி கண்கொள்ளாதது.

யாராவது தேதிகளைப் பார்த்துத் துணுக்குற்றால், காலத்தின் வகையை மறுபடி 'ஜெனரல்' ஆக்கிச் சரிசெய்யுங்கள். எக்செல் தேதிகளை உள்ளே நாள் எண்ணிக்கையாகத்தான் வைத்திருக்கிறது. நீங்கள் இந்த வேலையை 2024-இல் செய்திருந்தால் செல்வியின் கதவு எண் இப்போது 45631. பெரிய தெரு உண்மையிலேயே பெரிய தெருவாகிவிட்டது.

இதைப் பெரிய குற்றமாக நினைத்து வருந்தாதீர்கள். உலகத்து விஞ்ஞானிகளும் உங்கள் கட்சி. மனித ஜீன்களில் செப்ட்-1, மார்ச்-1 என்று பெயருள்ளவை இருந்தன. எக்செல் அவற்றைச் செப்டம்பர் 1, மார்ச் 1 என்று மாற்றிக்கொண்டே இருந்தது. ஆராய்ச்சிக் கட்டுரைகளோடு இணைத்த பட்டியல்கள் வரை அந்தத் தேதிகள் போய்ச் சேர்ந்தன. ஜீன்களுக்குப் பெயர் வைக்கும் சர்வதேசக் குழு 2020-இல் கடைசியாக ஒரு முடிவுக்கு வந்தது: ஜீன்களின் பெயரையே மாற்றிவிட்டார்கள். செப்டின்-1, மார்ச்எஃப்-1. ஜீனே பெயரை மாற்றிக்கொள்ளும்போது ஒரு மயிலாப்பூர்க்காரர் கதவு எண்ணை மாற்றிக்கொள்ள மாட்டாரா?

6. பூஜ்யத்துக்கு மதிப்பில்லை

பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்ததுதான்: முன்னால் வரும் பூஜ்யத்துக்கு மதிப்பில்லை. ஆகவே 044 என்பது 44. வங்கிக் கணக்கு எண்ணை எண்ணாகவே வையுங்கள், கூட்டிப் பார்க்க வசதி. எக்செல் 15 இலக்கம் வரைதான் நினைவில் வைக்கும். 16-ஆவது இலக்கம் இருந்தால் அதைப் பூஜ்யமாக்கும். பின்னால் வரும் பூஜ்யத்துக்கு மதிப்பு உண்டல்லவா, கணக்கு சரியாகிவிட்டது.

'சென்னை - 4' என்பது அந்தக் கால மண்டல எண். 1972 ஆகஸ்ட் 15-இல் பின்கோடு வந்த பிறகு அது 600004. இன்னும் பழைய பழக்கத்தில் எழுதுகிறவர்கள் உண்டு. பின்கோடு காலத்தில் '4' என்றே போடுங்கள். செல்வியின் 600004 'சென்னை-600004' என்று சேர்ந்தே கிடக்கட்டும். இருவரும் ஒரே தபால் நிலையம் என்பது யாருக்கும் தெரியக் கூடாது.

7. பிள்ளைகளைப் பெருக்குங்கள்

இதுவரை குறுக்கே வெட்டினோம். இனி ஒரு வரியைப் பல வரிகளாக்கும் கலை. இரண்டாவது ஷீட்டுக்கு வாருங்கள். கதிரேசனுக்கு எதிரே பிள்ளைகள் கட்டத்தில் 'கார்த்திக், கவிதா', வயது கட்டத்தில் '12, 9', கைபேசி கட்டத்தில் சாய்கோடு போட்டு இரண்டு எண்கள், சந்தா கட்டத்தில் 500 ரூபாய்.

எக்செல்லின் 'பவர் குவெரி'யில் பிள்ளைகள் காலத்தைத் தேர்ந்தெடுத்து, 'வரிகளாகப் பிரி' என்று சொல்லுங்கள். இரண்டு வரி. பிறகு வயதையும் அப்படியே பிரியுங்கள். நாலு வரி. கார்த்திக்குக்கு வயது 12. கார்த்திக்குக்கு வயது 9. கவிதாவுக்கு வயது 12. கவிதாவுக்கு வயது 9. கைபேசியையும் பிரியுங்கள். எட்டு வரி. ஒவ்வொன்றிலும் கதிரேசன், ஒவ்வொன்றிலும் 500 ரூபாய். இரண்டு இரட்டையர், நாலு பிள்ளை, கதிரேசனுக்கே தெரியாமல்.

பெயரையும் வயதையும் ஜோடி சேர்த்து, முதலாவதற்கு முதலாவது, இரண்டாவதற்கு இரண்டாவது என்று ஒன்றாகப் பிரிக்க வழி இருக்கிறது. அது ஜோசியர் வேலை. நீங்கள் தரவு ஆள்.

இப்போது சந்தா காலத்தின் அடியில் கூட்டல் போடுங்கள். கதிரேசன் ஒருவரே 4,000 ரூபாய் கட்டியிருக்கிறார். பொருளாளர் வாயைப் பிளப்பார். சங்கக் கட்டடத்துக்கு இன்னொரு மாடி போடலாம் என்று அன்று மாலையே பேச்சு எழும். தயவுசெய்து குறுக்கே பேசாதீர்கள்.

வரிகள் பெருகினால் இடம் போதுமா? பழைய எக்செல் வடிவத்தில் 65,536 வரிக்கு மேல் இடம் கிடையாது. மிஞ்சியது விழுந்துவிடும். 2020-இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை கோவிட் சோதனை முடிவுகளை அந்தப் பழைய வடிவத்துக்குள் கொட்டியது. ஒரு நோயாளிக்கே பல வரிகள். செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 பேர் கணக்கில் ஏறவே இல்லை. அவர்களோடு பழகியவர்களைத் தேடிச் சொல்ல வேண்டியவர்களுக்கும் பட்டியல் தாமதமாகத்தான் போனது. அவ்வளவு பெரிய அரசாங்கத்துக்கே ஒத்துவந்த வடிவம், உங்கள் சங்கத்துக்கு ஒத்துவராதா? கோப்பைப் பழைய வடிவத்திலேயே சேமியுங்கள்.

8. அநாதைகளை உருவாக்குங்கள்

பிள்ளைகளைத் தனி அட்டவணைக்குக் கொண்டுபோவது நல்லது என்று யாரோ ஒரு கல்லூரிப் பையன் சொல்வான். அவன் சொல்வதில் ஐம்பது வருஷச் சரக்கு இருக்கிறது. ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட், தொடர்புத் தரவுத்தளம் என்ற எண்ணத்தை முன்வைத்து 1970 ஜூனில் ஒரு கட்டுரை வெளியிட்டார். வேடிக்கை என்னவென்றால், அதில் அவர் எடுத்த உதாரணங்களில் ஒன்றே ஊழியர்களும் அவர்களுடைய பிள்ளைகளும்தான். ஊழியர் அட்டவணைக்குள் பிள்ளைகளைத் திணிக்காமல் தனி அட்டவணையாக்கி, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வரி: ஊழியரின் எண், பிள்ளையின் பெயர், பிறந்த ஆண்டு. அவ்வளவுதான். வயது அல்ல, பிறந்த ஆண்டு. வயது அடுத்த வருஷமே பொய்யாகிவிடும். உங்கள் பட்டியலில் இருக்கும் '12, 9' எந்த வருஷத்து 12, எந்த வருஷத்து 9? கார்த்திக்குக்கு இந்நேரம் கல்யாணம் ஆகியிருக்கலாம்.

காட் சொன்னதில் பாதியைக் கேளுங்கள். பிள்ளைகளைத் தனி அட்டவணைக்குக் கொண்டுபோங்கள். உறுப்பினர் எண்ணை மட்டும் இங்கேயே விட்டுவிடுங்கள். பெற்றோர் ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம், நடுவே ஒரு எண்கூட இல்லை. தரவுத்தளக்காரர்கள் இப்படிப்பட்ட வரிகளை அநாதை என்றே அழைக்கிறார்கள். திருவிழாவில் பிரிந்த குடும்பத்துக்காவது பாட வசதியாக ஒரு குடும்பப் பாட்டு இருந்தது.

தனி அட்டவணை வேண்டாம் என்றால் 'பிள்ளை 1', 'பிள்ளை 2' என்று காலங்கள் போடுங்கள். நாம் இருவர் நமக்கு இருவர் என்று அரசாங்கமே அளவு சொல்லியிருக்கிறது. மூன்றாவது பிள்ளை 'குறிப்பு' காலத்துக்குப் போகட்டும்.

9. தரவுத்தளத்துக்குள்ளேயும் வெட்டலாம்

எக்செல் அலுத்துவிட்டால் நேரே தரவுத்தளத்தில் இறங்குங்கள். மைஎஸ்க்யூஎல்லில் 'சப்ஸ்ட்ரிங் இண்டெக்ஸ்' என்று ஒரு கருவி. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு முறை போட்டு மூன்றாவது துண்டைக் கேட்பது வழக்கம். மூன்று துண்டு இருந்தால் மூன்றாவதைத் தரும். இரண்டே துண்டு இருந்தால்? இல்லை என்று சொல்லாது. இரண்டாவதையே மறுபடி தரும். விருந்தாளி வந்த வீட்டில் குழம்பு தீர்ந்ததைச் சொல்லாமல் ரசத்தையே மறுபடி ஊற்றுகிற நாகரிகம். பிள்ளை 2 கவிதா, பிள்ளை 3 கவிதா, பிள்ளை 4 கவிதா.

எஸ்க்யூஎல் சர்வரில் 'ஸ்ட்ரிங் ஸ்ப்ளிட்' 2016 பதிப்பில் வந்தது. துண்டுகள் எந்த வரிசையில் வரும் என்பதற்கு அது உத்தரவாதம் தருவதில்லை. துண்டுக்கு வரிசை எண் கேட்டு வாங்கும் வசதி 2022 பதிப்பில்தான் சேர்ந்தது. கேட்காதீர்கள். தெரு முதலில் வந்தால் என்ன, ஊர் முதலில் வந்தால் என்ன, எல்லாம் சென்னைதானே. அதற்கும் முந்திய ஆட்கள் 'பார்ஸ்நேம்' என்ற வேறு வேலைக்கான கருவியை இதற்குத் திருப்பிவிட்டார்கள். அது நாலு துண்டுக்கு மேல் தாங்காது. ஐந்தாவது துண்டு இருந்தால் மொத்தத்துக்கும் வெற்றிடம்தான் பதில். ஒன்பது துண்டுக் கதிரேசன் அதில் அடையாளமே இல்லாமல் கரைந்துபோவார்.

10. ஒன்றை மட்டும் வெட்டாதீர்கள்

இவ்வளவு வெட்டியபின் ஒரு இடத்தில் மட்டும் கருணை காட்டுங்கள். ரத்த தானம் செய்ய முன்வந்தவர்களின் விவரம் 'ஏபி பாசிட்டிவ், விருப்பம் உண்டு, இரவிலும் அழைக்கலாம்' என்று ஒரே கட்டத்தில் இருக்கிறது. அதை அப்படியே விட்டுவிடுங்கள். தேட வேண்டியபோது 'இந்தச் சொல் உள்ளே எங்காவது இருக்கிறதா' என்று தேடினால் போதும்.

இரவு 2 மணிக்கு ஒருவர் 'பி பாசிட்டிவ்' கேட்டுப் போன் செய்வார். நீங்கள் 'பி பாசிட்டிவ்' என்று தேடுவீர்கள். 'ஏபி பாசிட்டிவ்' என்பதற்குள்ளும் 'பி பாசிட்டிவ்' இருக்கிறது. பட்டியல் தாராளமாக வரும். அதில் ஏபி ஆட்களுடைய ரத்தம் அந்த நோயாளிக்கு ஆகாது. ஆஸ்பத்திரியில் சோதித்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், பயமில்லை. அதற்குள் மணி நாலாகியிருக்கும், அவ்வளவுதான்.

11. திரும்ப ஒட்டிப் பார்க்காதீர்கள்

வெட்டிய துண்டுகளையெல்லாம் மறுபடி ஒட்டி, பழைய வரியோடு ஒப்பிட்டால் எது எங்கே தொலைந்தது என்று ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். அதனால்தான் பழைய வரியை முதல் படியிலேயே அழித்தோம்.

12. அந்த அக்காவிடம் கேட்காதீர்கள்

அலுவலகத்தில் மூலையில் ஒரு அக்கா உட்கார்ந்திருப்பார். இந்தப் பட்டியலைப் பதினெட்டு வருஷமாக டைப் அடித்தவர். உங்கள் மேஜைப் பக்கம் வந்து, "தம்பி, அந்தக் கடைசிப் புள்ளியை மட்டும் எடுத்துடாதீங்க" என்பார்.

ஏன் என்று கேட்கக் கூடாது. கேட்டால் சொல்லிவிடுவார்: ஒரு புள்ளி என்றால் சந்தா கட்டியாயிற்று, இரண்டு புள்ளி என்றால் கட்டுவதாகச் சொல்லியிருக்கிறார், புள்ளியே இல்லை என்றால் போய்க் கேட்க வேண்டும். பாக்கிக் காலத்தின் மேல் பி.ஏ. ஏறி உட்கார்ந்தபின், பாக்கி யாரிடம் என்று தெரிந்துகொள்ள மிச்சமிருந்த ஒரே வழி அந்தப் புள்ளிதான். அதை மூன்றாம் படியில் அம்மைத் தழும்பு என்று துடைத்துவிட்டோம்.

"பாத்துக்கலாம்க்கா" என்று சொல்லி ஹெட்போனை மாட்டிக்கொள்ளுங்கள்.

13. லேபிள் அடியுங்கள்

திங்கட்கிழமை. எல்லாக் காலங்களும் மென்பொருளுக்குள் போயாயிற்று. செயலாளர் வந்து, ஆண்டுக் கூட்டத்துக்கு அழைப்பிதழ் அனுப்ப வேண்டும், முகவரி லேபிள் வேண்டும் என்கிறார். லேபிளுக்கு எல்லாம் ஒரே கட்டத்தில் இருக்க வேண்டுமே! கவலை வேண்டாம். எல்லாக் காலங்களையும் நடுவில் காற்புள்ளி வைத்து ஒட்டுங்கள். 'முகவரி 6' காலத்தில் ஏதோ 'டீக்கடை எதிரில்' என்று குப்பை கிடக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு அந்தக் காலம் காலியாகத்தான் இருக்கிறது, ஆகவே மொத்தமாக நீக்கிவிடலாம்.

லேபிள் வரும்: 'கதிரேசன், கேவி, பிஏ, பிஎல், பழைய எண் 5, புதிய எண் 12, 2-ஆவது குறுக்குத் தெரு, மயிலாப்பூர், 4'. அடுத்தது: 'மதி, 45631, பெரிய தெரு, சென்னை-600004'. கவரில் ஒட்டி, கட்டுக் கட்டாக மேஜை மேல் அடுக்குங்கள்.

சாப்பாட்டு வேளையில் நீங்கள் வெளியே போயிருக்கும்போது அக்கா அந்தக் கட்டுகளைப் பிரிப்பார். ஒவ்வொரு கவராக எடுத்து, லேபிளுக்குக் கீழே 'டீக்கடை எதிரில்' என்றும், 'செல்வி அம்மா வீடு, பழசு 5, புதுசு 12' என்றும் நீலப் பேனாவால் எழுதிக்கொண்டிருப்பார். தபால்காரர் அதை மட்டும்தான் படிப்பார்.

சீக்கிரம் சாப்பிட்டுவிட்டு வந்து, அந்தப் பேனாவை வாங்கி வைத்துவிடுங்கள்.